கழன்று கொடுத்த நட்டு

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். லீவில் வந்தால் கோயில், கல்யாண வீடு, சொந்தக்காரர் வீடு என்று நாட்கள் ஓடிவிடும். கடைசி நாளையாவது எனக்கென்று வைத்துக்கொள்வார் என்று பார்த்தால், அன்றைக்குத்தான் லுங்கியை மடித்துக் கட்டி முற்றத்தில் சாக்கை விரிப்பார். நான் ஓட்டுகிற இருசக்கர வண்டிக்கு எண்ணெய் போடும் நாள்.

தென்காசி பக்கம் குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு முன்பக்கம் வெறும் தகரக் கொட்டகை. சாரல் நேராக விழாது, மலைப்பக்கமிருந்து சாய்ந்து வரும். கொட்டகைக்குள் நிற்கிற வண்டியும் நனையும். ஒரு வருஷம் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடி வைத்தேன். திறந்து பார்த்தால் உள்ளே வேர்த்து, போல்ட் தலையெல்லாம் செம்மண் நிறத்தில் பூத்திருந்தது. “ஈரத்தோட மூடுனா இன்னும் சீக்கிரம் துரு ஏறும்ட்டி. துணிய வச்சுத் துடைச்சு காத்தாட விடு, அது போதும்” என்றார் போனில்.

அவர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றுவார். டீசலில் ஊறவைத்து, மரையில் இருக்கிற துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்து, விரல் நுனியால் கிரீஸ் தடவித் திரும்ப முடுக்குவார். பிரேக் பக்கம் மட்டும் ஒரு சொட்டு படவிடமாட்டார்.

ஒரு தடவை எனக்குப் பொறுக்கவில்லை. “நாளைக்கு ரயில் ஏறப் போறிய. இன்னைக்குமா இந்த வண்டி?” என்றேன்.

தலை நிமிராமல், “சாரல் வரப்போகுதுல்லா” என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வரை எங்களுக்குள் பேச்சே இல்லை.

அவர் போனபின், சீசன் நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு அரசுத் தேர்வு வந்தது. மையம் குற்றாலம் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடம். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வெள்ளனவே கிளம்பினேன். மேலகரம் தாண்டும்போது ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. சடசடவென்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, வண்டி நகரவில்லை. செயின் கழன்று தொங்கியது.

போகிற ஆட்டோ எல்லாம் குளிக்க வந்த கூட்டத்தால் பிதுங்கி வழிந்தது. கை காட்டிக் காட்டி ஓய்ந்தேன். தேர்வுக் கூடத்துக் கதவைக் குறித்த நேரத்துக்கு மேல் திறக்கமாட்டார்கள். தூறலில் ஹால் டிக்கெட்டை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு நின்றேன்.

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிற அண்ணாச்சி ஒருத்தர், பையில் எண்ணெய்ப் பாட்டில்கள் குலுங்க மொபெட்டில் வந்தவர், நின்றார். “என்னம்மா, பரீட்சைக்கா? ஸ்பேனர் இருக்கா?” சீட்டுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பின்சக்கரத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். “செயின மாட்டிரலாம். ஆனா இறுக்காம விட்டா திரும்பக் கழறும். இந்த நட்டு அசையணுமே. மழைல நிக்கிற வண்டில இதெல்லாம் பிடிச்சுக்கிடும்.”

கை வழுக்காமல் இருக்க ஒரு துணி கேட்டார். கைக்குட்டையைக் கொடுத்தேன். ஸ்பேனரைப் போட்டு முழு பலத்தோடு ஒரு தள்ளு தள்ளினார். நட்டு அவ்வளவு பலம் கேட்கவில்லை. அவரே தடுமாறிச் சாயப் பார்த்தார். மிச்சத்தை விரலாலேயே சுற்றிக் கழற்றினார். செயினை இழுத்துப் பிடிக்கிற சின்ன போல்ட்டுகளும் அப்படியே சுழன்றன.

“வண்டிய யாரும்மா பாக்கா?”

“வீட்டுக்காரர். மிலிட்டரில இருக்காவ.”

“நல்லா கிரீஸ் வச்சிருக்காவ” என்றபடி செயினை மாட்டி, சக்கரத்தைப் பின்னுக்கு இழுத்து, முடுக்கினார். “போம்மா, மெதுவாப் போ.” கிரீஸ் அப்பிய கைக்குட்டையை என் கையில் திணித்தார். நன்றி சொல்லக்கூட விடவில்லை. எனக்கு முன்னால் அவர் கிளம்பிவிட்டார்.

கதவு மூடும் முன் உள்ளே போய்விட்டேன். கேள்வித்தாளைக் கையில் வாங்கியபோதுதான் பார்த்தேன், கைவிரலில் கிரீஸ். கடைசி நாள் முழுக்க அவர் யாருக்காக முற்றத்தில் உட்கார்ந்திருந்தார் என்று அப்போது புரிந்தது. முதல் பக்கம் கொஞ்ச நேரம் கலங்கலாகத்தான் தெரிந்தது.

சாயங்காலம் அவர் கூப்பிட்டதும் நடந்ததைச் சொன்னேன். “நட்டு உடனே வந்துச்சா?” என்றுதான் முதலில் கேட்டார்.

“பரீட்சை எப்படி எழுதுனன்னு கேக்க மாட்டியளா?”

“நட்டு வந்துச்சுன்னா நீ போய்ச் சேந்திருப்ப. சேந்தா எழுதியிருப்ப.”

அந்தத் தேர்வில் நான் தேறவில்லை. அடுத்து எழுதியதில் தேறி, இப்போது தென்காசியில் ஒரு அலுவலகத்துக்கு அதே வண்டியில் போய் வருகிறேன்.

இந்த முறை லீவின் கடைசி நாளில் சாக்கின் மறுபக்கம் நானும் உட்கார்ந்தேன். அவர் கழற்றக் கழற்ற நான் தேய்த்தேன். கை வேலையாக இருக்கும்போது மனுஷர் இவ்வளவு பேசுவார் என்று எனக்குத் தெரியாது. பனி, கூடாரம், கூட இருப்பவர்களின் சமையல், இதுவரை சொல்லாத ஒரு காய்ச்சல், எல்லாம் வந்தது. மத்தியானச் சாப்பாடு ஆறிப்போனது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.