முகேஷ் பெயரில் அடித்த கோல்

ஸ்டீபனைப் பற்றிப் பாளையம்பட்டி டீக்கடைகளில் சொல்லப்படுவதில் பாதி தவறு. இந்தியாவுக்கு ஆடினான் என்கிறார்கள்; ஆடவில்லை. குடித்துக் கெட்டான் என்கிறார்கள். அவன் குடித்து யாரும் பார்த்ததில்லை. கிளப்பில் பணத்தை வாங்கிக்கொண்டு வேண்டுமென்றே காலை முறித்துக்கொண்டான் என்றும் ஒரு பேச்சு உண்டு. அதுவும் உண்மை இல்லை, ஆனால் அந்தப் பேச்சு எங்கிருந்து கிளம்பியது என்பது கீழே வரும். நான் நேரில் பார்த்ததையும், அவனும் அவன் மனைவி ஜெப ஷீலாவும் சொன்னதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

பிறந்தது பரளச்சிக்குத் தெற்கே ஒரு சிற்றூர். தகப்பன் சீக்கிரமே இறந்துபோனார். தாய் ஞானப்பூ மிளகாய்க் காடுகளுக்குக் கூலிக்குப் போய் வளர்த்தார். ஊர்ப் பையன்களுக்கு விளையாட இடம் கண்மாய்தான். தண்ணீர் கிடந்த வருடங்களில் ஆட்டம் இல்லை. மழை பொய்த்தால் ஆட்டம். கரிசல் காய்ந்தால் கால் நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அதில் உருளும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் ஸ்டீபன் பந்தைத் தரையில் விடாமல் அடிக்கப் பழகினான். மேலே இருந்து இறங்கி வருவதை, தரை தொடுமுன், உடம்பைச் சாய்த்து ஒரே அடி. பிற்காலத்தில் அவன் பிழைத்தது இந்த அடியை வைத்துத்தான்.

அந்தத் தரையில் விழுந்தால் கை முறியும். ஆகவே விழாமல் ஆடவும் பழகிவிட்டான். இது அவனுக்கு உதவவில்லை. பெனால்டி எல்லைக்குள் எதிராளியின் கால் பட்டதும் மற்ற ஸ்ட்ரைக்கர்கள் சுருண்டு விழுவார்கள். இவன் தடுமாறி நிமிர்ந்து ஓடுவான். "விழுந்திருந்தா ஒரு கோல்டா" என்று எத்தனையோ கோச்சுகள் திட்டியிருக்கிறார்கள்.

முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர் ஜெகதீஸ்வரன். பாளையம்பட்டியில் உரக்கடையும் கொஞ்சம் நிலமும் வைத்திருப்பவர். ஊரின் பந்து அணியையும் அவர்தான் நடத்துகிறார். வெறுங்காலோடு ஆடிய பையனைப் பார்த்து, மதுரைக்குத் தன்னோடு பஸ்ஸில் கூட்டிப்போய் விளையாட்டு விடுதியில் சேர்த்துவிட்டார். அங்கிருந்து சென்னை லீக். ஐந்து வருடம் வெவ்வேறு கிளப்புகள், பெரும்பாலும் மாற்று ஆளாகத்தான். அதன் பிறகு, தேசிய அளவில் இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் ஒரு சென்னை கிளப் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டது. மாதச் சம்பளம் உண்டு. காயம் பட்டால் வைத்தியம் கிளப்பின் பொறுப்பு. வேறு எங்கும் ஆடக் கூடாது. அந்த மார்கழியில் கோச் அவனைக் கூப்பிட்டு, சீசனை ஒழுங்காக முடித்தால் இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

பொங்கலுக்கு மூன்று நாள் விடுப்பில் வந்தான். ஜெகதீஸ்வரன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"ஏப்பா ஸ்டீபா, பொங்கக் கப்புல பைனலுக்கு வந்துட்டம். முன்னால அடிக்க ஆளில்ல."

"அண்ணே, கான்ட்ராக்ட்டுல இருக்கேன். வெளிய ஆடுனது தெரிஞ்சா தூக்கிருவாக."

"ஒன் பேர்ல யாரு ஆடச் சொன்னா? லிஸ்டுல நம்ம முகேஷு பேரு இருக்கு. அவன் சட்டையப் போட்டுக்க."

"முகேஷு?"

"பெத்தவன் நான் சொல்றேன், அவன் ஆடி ஒண்ணும் ஆகப்போறதில்ல. கரையில ஒக்காந்து தண்ணி குடுக்கட்டும். அதயாச்சும் சிந்தாமக் குடுத்தான்னா சரி."

உள்ளேயிருந்து ஜெப ஷீலா, "அண்ணே, அவுகளுக்கு சனிக்கெழம அங்க மேட்சு இருக்கு" என்றாள்.

"சும்மா நின்னாப் போதும்மா. இவன் நின்னாலே அவனுக பயந்துருவானுக."

பூட்ஸைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் மறுத்திருப்பேன் என்று ஸ்டீபன் பிறகு சொன்னான்.

ஒருவர் பெயரில் இன்னொருவர் ஆடுவது இந்தப் பக்கத்துப் போட்டிகளில் புதிதில்லை. இரண்டு அணியிலும் அப்படி ஆள் இருப்பதால் யாரும் புகார் சொல்வதும் இல்லை. அந்த வருடம் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றியிருந்ததால் பைனலைக் கண்மாய்க்குள்ளேயே வைத்தார்கள். மைக்கில் "பந்து இப்போது முகேஷிடம்" என்று சொல்லும்போதெல்லாம் கரையில் சிரிப்பு.

"ஏலே முகேஷு, ஒரே ராத்திரியில எப்படிலே இம்புட்டு வளந்த?" என்று ஒருவன் கத்தினான்.

தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த உண்மையான முகேஷ் எழுந்து, "பொங்க திண்டேன்ல!" என்றான்.

இரண்டாம் பாதியில் வலது பக்கத்திலிருந்து ஒரு பந்து உயரமாக வந்தது. ஸ்டீபன் கோலுக்கு முதுகு காட்டி நின்றிருந்தான். அப்படியே திரும்பி, சாய்ந்து, பந்து கீழே வருமுன் அடித்தான். கோல்கீப்பர் அசையவில்லை. கரை முழுக்க எழுந்து நின்றது. ஸ்டீபனின் இடது கால் இறங்கிய இடத்தில் வெடிப்பு இருந்தது.

ஆட்டக் குறிப்பு எழுதியவன் நான். அணி கொடுத்த பட்டியலில் உள்ள பெயரைத்தான் எழுத முடியும். கோல் முகேஷ் பெயரில் ஏறியது. காயமும் முகேஷுக்கு என்றே பதிவானது.

அருப்புக்கோட்டையில் ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், முட்டிக்குள் லிகமெண்ட் அறுந்துவிட்டது, ஆபரேஷன் செய்யாமல் இனி ஆட முடியாது என்றார். வீட்டுக்கு வந்ததும் ஜெப ஷீலாதான் வழி சொன்னாள்.

"இங்க விழுந்தது முகேஷு. நீங்க இன்னும் விழல. அங்க போயி விழுங்க."

"எனக்கு விழத் தெரியாதே ஷீலா."

"படிச்சுக்கங்க."

முட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு சென்னை போனான். பயிற்சியில் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த பிடிப்பு என்று சொல்லி மெதுவாக ஓடினான். பிறகு தங்களுக்குள் பிரிந்து ஆடினார்கள். யாராவது மோதினால் விழலாம் என்று அவன் காத்திருந்தான். சனிக்கிழமை ஆட்டம் இருந்ததால் யாரும் யார் மேலும் மோதவில்லை. கடைசியில், ஒருவரும் பக்கத்தில் இல்லாதபோது தானாகவே விழுந்தான்.

தூரத்தில் இருந்த தடுப்பாட்டக்காரன் இரண்டு கையையும் தூக்கி, "நான் தொடவே இல்ல!" என்றான். கோச் கைதட்டிச் சிரித்தார். "பாருங்கப்பா, ஸ்டீபன்கூட விழக் கத்துக்கிட்டான்."

எழுந்திருக்கவில்லை என்றதும் சிரிப்பு நின்றது. பிசியோ சோணைமுத்து உசிலம்பட்டிக்காரர். கட்டைப் பிரித்து முட்டியை அமுக்கினார். தோல் ஏற்கெனவே மஞ்சள் பாரித்திருந்தது.

"தம்பி, இது இன்னைக்கு வந்த வீக்கம் இல்லயே" என்றார், மற்றவர்களுக்குக் கேட்காமல். ஸ்டீபன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "சரி விடு. இன்னைக்குன்னே எழுதுறேன்."

எழுதவும் எழுதினார். அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் கரையிலிருந்து முகேஷ் தன் போனில் அந்தக் கோலை வீடியோவாகப் பிடித்திருந்தான். பிடித்ததோடு நிற்காமல், "நான் அடிச்ச கோல்" என்று விளையாட்டாக எழுதி இணையத்தில் போட்டுவிட்டான். கூட்டாளிகள் கேலி செய்து பரப்ப, அது கிளப் வரைக்கும் போனது; அந்த அடி யாருடையது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அவன் விழுந்த அன்று மாலையே மேனேஜர் ஸ்டீபனைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சோணைமுத்துவும் அங்கே இருந்தார்.

"இது நீயா?" மேனேஜர் போனை நீட்டினார். "போட்டி நடத்துனவங்ககிட்ட விசாரிச்சேன். முகேஷ்னு ஒரு பையன், லிஸ்ட்லயும் அப்படித்தான் இருக்குன்னாங்க. எனக்கு அது போதும். நீ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு பண்ணிடுவேன்."

படத்தில் முகம் தெரியவில்லை. தூரத்திலிருந்து எடுத்தது, பந்து உள்ளே போனதும் முடிந்துவிடுகிறது. மேனேஜருக்குப் பின்னால் நின்ற சோணைமுத்து, இல்லை என்று சொல்லும்படி தலையை ஆட்டினார்.

ஸ்டீபன் தன் கோல் ஒன்றைப் படமாகப் பார்த்தது அதுவே முதல் தடவை. லீக்கில் அவன் அடித்தவற்றை யாரும் எடுத்து வைக்கவில்லை. இன்னொரு தரம் போடச் சொன்னான். போட்டார்கள்.

"நாந்தேன் சார்" என்றான்.

அந்த வாரமே ஒப்பந்தம் ரத்தானது. பொய்யாக விழுந்ததையும் சேர்த்து எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். காலை அவனே முறித்துக்கொண்டான் என்ற பேச்சு இங்கிருந்து கிளம்பியதுதான். வேறு எந்தக் கிளப்பும் கூப்பிடவில்லை. ஆபரேஷனுக்கு ஒரு வருடம் கழித்துத்தான் போனான். ரொம்பத் தாமதம் என்று டாக்டர் சொன்னார். முட்டி இப்போது பாதிக்கு மேல் மடங்காது.

பாலவனத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் கேட்டில் காவலுக்கு இருக்கிறான். அதே மில்லுக்குள் ஜெப ஷீலாவுக்கு வேலை. அந்த பைனலின் சிறந்த ஆட்டக்காரருக்கான கப்பு, முகேஷ் பெயர் பொறித்தது, ஜெகதீஸ்வரன் கடையில் உர மூட்டைகளுக்கு மேலே இருந்தது. முகேஷ் ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு வந்து, "அண்ணே, நீங்க வச்சுக்கங்க" என்றான்.

"ஒன் பேரு போட்டிருக்குல்லலே. நான் வச்சு என்ன செய்ய?" என்று திருப்பி அனுப்பிவிட்டான்.

ஜெப ஷீலாவிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, "பல்லக் கடிச்சுக்கிட்டு அம்புட்டு தூரம் போயி, தெரியாத வேலையச் செஞ்சு விழுந்தாக. இல்லன்னு சொல்ல மட்டும் வாய் வரலயாம்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

சென்ற மாதம் மில் கேட்டில் அவனைப் பார்த்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று அதுவரை நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"அத எப்படி சார் முகேஷு அடிச்சான்னு சொல்ல?" என்றான். பிறகு, "ஒங்க குறிப்புல அது இன்னும் முகேஷுதானா?" என்று கேட்டான்.

இரண்டு கேப்டன்களும் நடுவரும் கையெழுத்திட்ட பிறகு குறிப்பை மாற்ற விதியில் இடம் இல்லை என்று சொன்னேன். தலையசைத்துக் கேட்டுக்கொண்டான்.

அந்தப் படமாவது உன்னிடம் இருக்கிறதா என்றேன்.

"முகேஷு அப்பவே பயந்துபோயி நெட்டுலருந்து தூக்கிட்டான். என் போன்ல ஒண்ணு இருந்துச்சு. ஷீலா அழிச்சிட்டா."

பஞ்சு ஏற்றிய லாரி ஒன்று வந்து ஹாரன் அடித்தது. ஸ்டீபன் இடது காலை நீட்டியபடியே கம்பியைப் பிடித்து எழுந்தான். "இருங்க சார், வாரேன்" என்று கேட்டைத் திறக்கப் போனான். கொஞ்ச நேரம் ஆனது. டிரைவர் மறுபடியும் ஹாரன் அடித்தான்.