மாமாவின் பையில் ஃபியூஸ் கட்டை

மாமாவின் சட்டைப் பை எப்போதும் ஒரு பக்கமாகத் தொங்கும். உள்ளே வெள்ளைப் பீங்கானில் ஒரு ஃபியூஸ் கட்டை. மாமா என்றால் என் அக்காவின் கணவர். காக்களூரில் இரும்பு வார்க்கும் பட்டறை ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். தெருவில் கரண்டு போனால் சரிசெய்துவிட்டு, "போட்டுடட்டா?" என்று கேட்பார். "போடு மாமா" என்று தெருவே கத்தும். வெளிச்சம் வந்ததும் தானே சூரியனைக் கொண்டுவந்த மாதிரி சிரிப்பார். அப்படி இருந்த மனுஷன்.

பட்டறையில் ஒரு வழக்கம். மணல் கலக்கும் டிரம்முக்குள் ஒட்டியிருப்பதைச் சுரண்ட இறங்குகிறவர், முதலில் அந்த மெஷினின் ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஏறி வந்து அவரே கொடுத்தால்தான் திரும்ப மாட்டுவது. கட்டை வந்தால் ஆளும் வந்தாயிற்று என்று அர்த்தம். அன்று வெக்கை தாங்காமல், இறங்கியவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார். லோடு தாமதமாகிவிடும் என்ற பயத்தில் இருந்த சூப்பர்வைசர் அந்தப் பையிலிருந்து கட்டையை எடுத்துக்கொண்டு, சுவருக்கு அந்தப்பக்கம் சுவிட்ச் அறையில் இருந்த மாமாவிடம் வந்தார்.

"ஆளு ஏறிட்டான்பா. அவன்தான் குட்த்தான். மாட்டு."

மாமா மாட்டினார். சுவிட்சைப் போட்டார். உள்ளே இருந்தவரைப் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

மாமா மேல் தப்பில்லை என்று விசாரணையில் சொல்லிவிட்டார்கள். அவர் வேலையை விட்டார், சுவிட்சைத் தொடுவதை விட்டார், பிறகு சோற்றையும் விட்டார். ஒருநாள் கடம்பத்தூர் ஸ்டேஷனில் தண்டவாளத்தையே வெறித்துக்கொண்டு நின்றவரைத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். அக்கா வாசற்கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

சர்ச்சில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவள் நான். எதற்கும் என்னிடம் ஒரு கதை இருக்கும். அன்று ஓடியே போனேன். ஆபிரகாம் உயிருக்குப் பயந்து மனைவி சாராளைத் தங்கை என்று சொன்னதையும், அபிமெலேக்கு ராஜா அதை நம்பி அவளை அழைத்துக்கொண்டதையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அவன் சொன்னான், அவளும் ஆமான்னா. ராஜா மனசுல கள்ளமே இல்ல மாமா. அது எனக்கும் தெரியும்னு கடவுளே கனவுல வந்து சொன்னாரு. உங்களுக்கும் அப்படித்தான. சூப்பர்வைசர் சொன்னான், கட்டையும் ஆமான்னுச்சு."

மாமா நிமிர்ந்து பார்த்தார். "எப்ப சொன்னாரு? ராஜா அவளத் தொட்றதுக்கு முன்னாடியா, அப்பாலயா?"

"முன்னாடி."

"அதான் பாப்பா. தூங்கினு இருந்தவன எழுப்பித் தடுத்தாரு. நானு முழிச்சிக்கினுதான இருந்தேன். எனக்கு யாரு வந்து சொன்னாங்க?"

ராஜாவின் கை சுத்தமாக இருந்ததற்கு அவன் மனம் மட்டுமா காரணம்? தடுக்க ஒருவர் வந்தார். மாமாவுக்கும் அதே மனம்தான், யாரும் வரவில்லை. இந்த வித்தியாசத்தை எந்தப் பிள்ளைக்கு நான் விளக்கப்போகிறேன்?

போன வாரம் அக்கா வீட்டில் மாவரைக்கக் கிரைண்டரைக் கழுவி வைத்தேன். மாமா தானாக எழுந்து வந்தார்.

"உள்ள ஒண்ணியும் இல்லியே?"

"இல்ல மாமா. நானே பாத்தேன்."

என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, காலியான அந்தப் பாத்திரத்துக்குள் கைவிட்டு, கல்லைச் சுற்றித் தடவித் தடவித் தேடினார். சட்டைப் பையில் இருந்த கட்டை விளிம்பில் இடித்தது. நிமிர்ந்து சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"போட்டுடட்டா?"

தெருவே கத்திய அந்தப் 'போடு மாமா' என் வாயில் வரவில்லை. அவர் கை சுவிட்சைத் தொடாமலே நிற்க, அக்காதான் வந்து போட்டாள்.