ஓ.டி.பி. பாரிசுக்குப் போன காலை

1. முடிவு எடுத்த நாள்

அன்று பேச்சில் இருந்தவர்கள். முதலாளி அந்துவான் ஐயா. ஆடிட்டர் ஆபீசிலிருந்து வந்த வினோதா. பில் போடும் நான். முதலாளியின் மகன் பிலிப். அவர் இருப்பது பாரிசில். போனில் பேசினார். போனைப் பெயிண்ட் டப்பா மேல் சாய்த்து வைத்திருந்தோம்.

காரைக்காலில் சிமெண்ட், கம்பி விற்கும் கடை. நான் எட்டாவது வரை படித்தேன். குடோனில் மூட்டை எண்ணச் சேர்ந்து, பிறகு பில்லுக்கு வந்தேன். கடைக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்த பழைய சாஃப்ட்வேரில் பதினொரு வருடம் பில் போட்டேன். அதை மாற்றலாமா என்பதுதான் பேச்சு.

வினோதா இரண்டு பக்கமும் சொன்னாள். "டெஸ்க்டாப்னா நெட்டு இல்லாட்டியும் ஓடும். ஆனா இந்தப் பொட்டி போச்சுன்னா எல்லாம் போச்சு. மாசாமாசம் நான் பென் டிரைவ எடுத்துக்கிட்டு வரணும். கிளவுட்னா வருசாவருசம் பணம் கட்டணும், நெட்டு வேணும். ஆனா குடோன்லயும் ஸ்டாக் தெரியும்."

"நானும் இங்கேருந்தே பாத்துக்கலாம்ல" என்றார் பிலிப்.

"நீ பாத்து என்னடா பண்ணப் போற? மூட்ட தூக்கவா?" என்றார் முதலாளி.

"பணம் நான் கட்டுறேன்ப்பா."

"அப்ப சரி."

என்னையும் கேட்டார்கள். "எனக்கு ரெண்டும் ஒண்ணுதாங்க. பில் வந்தா போதும்" என்றேன்.

பிலிப் அன்றே தன் பெயரில், தன் போன் நம்பரைக் கொடுத்துக் கணக்குத் தொடங்கினார். யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. எனக்கும் படவில்லை.

2. கான்கிரீட் போட்ட நாள்

எட்டு மாதம் நன்றாக ஓடியது. ஸ்டாக் கேட்டு குடோனுக்குப் போன் போடுவது நின்றது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தை மாதம். அம்பகரத்தூர் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள் ஒரு பெரிய வீட்டுக்குக் கூரை கான்கிரீட். கலியமூர்த்தி மேஸ்திரி கையிலிருந்த மூட்டைகளை வைத்து விடியலிலேயே ஆரம்பித்துவிட்டார். மீதி நூற்றிருபது மூட்டை எங்கள் வண்டியில் போக வேண்டும். கான்கிரீட் பாதியில் நின்று காய்ந்தால் பழையதும் புதியதும் ஒட்டாது. அந்த இடத்தில் மழைக்கு மழை ஒழுகும்.

ஏழரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டேன். முந்தின நாள் சர்வீஸ்காரர் விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டுப் போயிருந்தார். அதனால் சாஃப்ட்வேர் மறுபடி லாகின் கேட்டது. ஓ.டி.பி. பிலிப் போனுக்குப் போயிற்று. அங்கே அப்போது மணி மூன்று.

குடோன் போனில் ஸ்டாக் பார்க்கலாம், பில் போட முடியாது. கைப் பில் புத்தகத்தை விட்டுப் பல வருடம் ஆயிற்று. எல்லை தாண்டும் சரக்கு பில்லும், வண்டியில் சரக்கு போவதற்கான அரசுச் சீட்டான இ-வே பில்லும் இல்லாமல் போகக்கூடாது. வழியில் கேட்டால் வண்டி அங்கேயே நிற்கும்.

டிரைவர் ரபீக் பாய் சீட்டை விட்டு இறங்கவில்லை. "பேப்பர் இல்லாம வண்டிய எடுக்க மாட்டேங்க்கா. அப்பறம் ரோட்டுல நான்தான் குந்திக்கிட்டு இருக்கணும்."

மேஸ்திரி போனில் கத்தினார். "வண்டி எங்க? இருவது ஆளு சட்டிய வச்சுக்கிட்டு நிக்கப் போவுது. நாளைக்கு ஒழுகுனா உங்க மொதலாளி வந்து பாத்திரம் வைப்பாரா?"

பிலிப்பைக் கூப்பிடுங்கள் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"பாவம், தூங்குவான். ஆறு மணிக்கு வேலைக்குக் கெளம்பணும் அவன். கொஞ்சம் பாப்பமே."

கால் மணி நேரம் பார்த்தோம். பிறகு ஓ.டி.பி.யைப் புதிதாக அனுப்ப வைத்துவிட்டு, முதலாளியைக் கேட்காமல் நானே பிலிப்பைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அக்கா? அப்பாவுக்கு என்னக்கா? எப்ப?"

"அப்பா நல்லா இருக்காரு தம்பி. எதுருலதான் டீ குடிக்கிறாரு. உங்க போன்ல ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும், சொல்லுங்க."

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த பிளைட்டப் புடிக்கிறதுன்னு யோசிச்சுட்டேன்க்கா" என்றார் பிலிப். பிறகு ஆறு எண்களைச் சொன்னார். அதில் ஒன்று தப்பு. மறுபடி கேட்டு வாங்கினேன்.

முதலாளி போனை என்னிடமிருந்து வாங்கினார். "டேய், இருக்கேன்டா. நீ தூங்கு."

"இனிமே எங்கப்பா தூங்குறது?"

பில் வந்தது. எட்டே காலுக்கு வண்டி கிளம்பியது.

3. பிறகு செய்தது

கிளவுடை விடவில்லை. அன்று மதியமே ஓ.டி.பி. நம்பரைக் கடை போனுக்கு மாற்றினோம். எனக்குத் தனி லாகின் வந்தது. மாதக் கடைசியில் வினோதா கணக்கை இறக்கித் தன்னிடம் ஒரு காப்பி வைத்துக்கொள்கிறாள். மேசையில் புதிய கைப் பில் புத்தகம் ஒன்று இருக்கிறது. இதுவரை தேவைப்படவில்லை.

புதிதாகக் கடை வைப்பவர்கள் எது நல்லது என்று என்னைக் கேட்கிறார்கள். டெஸ்க்டாப்பா கிளவுடா என்பதை அப்புறம் பாருங்கள். உங்கள் கடை திறக்கிற நேரத்தில் அந்த ஓ.டி.பி. யார் போனுக்கு வரும், அவர் அப்போது விழித்திருப்பாரா என்று முதலில் பாருங்கள். அதோடு, கூப்பிட வேண்டிய நேரத்தில் கூப்பிட்டுவிடுங்கள். கால் மணி நேரம் நான் வீணாக்கினேன்.

கான்கிரீட் போட்ட அன்று சாயங்காலம் மேஸ்திரி கடைக்கு வந்தார். வேலை நிற்கவில்லை என்றார். வண்டி போய்ச் சேர்ந்தபோது பிரிக்காத மூட்டை எத்தனை இருந்தது என்று கேட்டேன்.

இரண்டு.