மூடிக்கு மேல ஒரு ஆள்

குளிராக்கிற தொழிலில இருக்கிறவைக்குத்தான் ஆகலும் கூட வேர்க்கும். இதில மாட்டுப்பட்ட ஆக்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அம்மாவின் விளக்கம்

எனக்கு ஐரோப்பாவில ஒரு சுரங்கத்தில வேலை. அணுவைவிடச் சின்னத் துகள்களை வட்டமாய் ஓடவிட்டு மோத வைக்கிற இடம். அதுகளைத் திருப்பிற காந்தங்களைத் திரவ ஹீலியத்தில, சைபருக்குக் கீழ இருநூற்றி எழுபத்தொரு பாகையில வைச்சிருக்கவேணும். இதை அம்மாவுக்கு ஒரு பின்னேரம் முழுக்கக் கோப்பை, கரண்டி வைச்சு விளங்கப்படுத்தினனான். அடுத்த நாள் எங்கட ஊர் மடத்துவெளியில ஆரோ கேட்டதுக்கு அம்மா பெருமையாய்ச் சொன்னா: "மூத்தவனோ? அவன் அங்க ஃபிரிட்ஜ் திருத்திறான்."

மாமாவின் ஆசை

கனடாவில இருந்து வந்த மாமாவைச் சுரங்கம் பாக்கக் கூட்டிக்கொண்டு போனனான். இந்தக் குழாயைக் குளிராக்கக் கிழமைக் கணக்காகும், துளி சூடு புகுந்தாலும் ஹீலியம் கொதிச்சு எல்லாம் முதலில இருந்து எண்டு மூச்சு விடாமல் சொன்னன். மாமா குழாயைத் தட்டிப் பாத்தார். "எல்லாம் சரி மருமோன், இவ்வளவு தூரம் வந்தனான், ஒருக்காத் திறந்து காட்டன்."

எழுவைதீவுத் திருநாள்

போன லீவில ஊருக்கு வந்தனான். அம்மாவின்ர விளம்பரம் வேலை செய்து, எழுவைதீவில இருந்து என்னை ஏத்த வள்ளம் வந்திட்டுது. அடுத்த நாள் கோயில் திருநாள், ஊருக்கே சாப்பாடு. மீன் நிரப்பின பெரிய குளிர்பெட்டி குளிரேல்லை. சமையலுக்குப் பொறுப்பான பிலோமினா அக்கா கரையிலேயே பிடிச்சா. "தம்பி, மீன் பழுதாப்போனால் நான் ஊருக்கு என்ன முகத்தைக் காட்டிறது?" வீட்டுப் பெட்டி ஒண்டை நான் வாழ்க்கையில கழட்டினதில்லை கண்டியளோ!

கதிரையைப் போட்டு இருந்து பாத்தன். மோட்டர் ஓடுது, வயரும் சரி. அந்த நேரம் செபம் முடிஞ்சு வந்த ஒவ்வொருத்தரும் மூடியைத் தூக்கி, கையை விட்டு, "குளிருதோ?" எண்டு பாத்திட்டுப் போகினம். அட, எல்லாரும் என்ர மாமாக்கள்! சந்தோசத்தில எழும்பித் துள்ளினன். ஆனால் திருநாள் மீனைப் பாக்காதையுங்கோ எண்டால் ஆர் கேப்பினம்? மாமா குழாயைத் திறக்கச் சொன்ன கதையை அக்காவுக்குச் சொல்லிப்போட்டுக் கேட்டன்: "அக்கா, விடியுமட்டும் நீங்கள் இதுக்கு மேல ஏறி இருங்கோ."

அக்கா நல்ல கனமான ஆள். செபமாலையோட ஏறி இருந்தா. கால் விறைச்சால் தன்ர தங்கச்சியை மாத்தி இருத்தினா. விடியத் திறந்தால் பாரை மீன் கல்லுமாதிரி! மத்தியானம் ஊரே வயிறு முட்டச் சாப்பிட்டுது. நான் வள்ளம் ஏறேக்க பிலோமினா அக்கா கையில ஒரு பொரியல் பொதியைத் திணிச்சா. "தம்பி, உம்மட குழாய்க்கும் ஆள் தேவையெண்டால் சொல்லும், வந்து இருக்கிறன்."

குளிராக்கிறதுக்கு மிசின் போதும், ஆனால் ஆசை பிடிச்ச மாமாக்களைத் தடுக்க ஒரு பிலோமினா அக்கா வேணும், எங்கட தொழில் அவ்வளவுதான்.