அண்ணன் தோளில் மடித்து வைத்த துண்டு

அண்ணன் எங்களை விட்டுப் போய் இன்று ஓராண்டு. நன்றாக எழுதக்கூடிய பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் எனக்கு ஒரு மன்னிப்புப் பாக்கி இருப்பதால் பேனாவை நானே பிடுங்கிக்கொண்டேன்.

ஆனைக்கரைக்கு மேலே ஏலத்தோட்டத் தொழிலாளர் லயத்தில் மூத்தவராகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரம் போய்விட்டதால் படிப்பை விட்டு, ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் சேர்ந்து, தங்கைகள் எங்கள் மூவரையும் கரையேற்றினார். அங்கே மூச்சிழுப்பும் வந்து சேர்ந்தது. மருத்துவர் எப்போதோ எழுதிய மாத்திரையை, பழைய சீட்டைக் காட்டியே வருடக்கணக்காக வாங்கி விழுங்கினார். இழுப்பு அடங்கியது. எலும்பு கரைவது எங்களுக்குத் தெரியாது.

மாதா திருவிழாவில் சப்பரத்தின் முன்கொம்பு அண்ணனுக்குத்தான். ஆறடி ஆள். ஒரு வருடம் அவர் பக்கம் சப்பரம் சாய்ந்தது. மறுவருடம் தோளில் துண்டை மடித்து வைத்துத் தூக்கினார். அதற்கடுத்த வருடம் இரண்டு துண்டு. மாப்பிள்ளைத் தோரணை என்று கேலி செய்தேன். மனிதர் உயரம் குறைந்துகொண்டு வருகிறார் என்று யாருக்கும் தோன்றவில்லை. முதுகு வலிக்கிறது என்று அவர் வேலைக்குப் போகாதபோது, மடி, சோம்பேறித்தனம் என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

பிறகு ஒருநாள் இருமியவர் அப்படியே மடங்கி விழுந்தார். முதுகெலும்பில் மூன்று எலும்புக் கட்டைகள் முன்பே நொறுங்கியிருந்தன. புதிதாக உடைந்தது நரம்பை அழுத்தியது. எலும்புத் தேய்வு பெண்களுக்குத்தானே வரும் என்று கேட்டேன். அந்த ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் விழுங்கினால் யாருக்கும் வரும் என்றார் டாக்டர். அறுவை சிகிச்சையை நுரையீரல் தாங்காது என்றார்கள். கால்கள் விழுந்துவிட்டன.

மற்றவர்கள் தூக்கினால் அண்ணன் பொறுத்துக்கொள்வார். நான் நெருங்கினால், தானே எழும்புவதாகச் சொல்லிக் கட்டிலைப் பிடிப்பார். ஒருநாள் அழுதேவிட்டேன்.

"தப்பாச் சொல்லிட்டேண்ணே."

"எனக்கே மடின்னுதான் தோணிச்சு பிள்ள. ஒன்னைய என்ன சொல்ல?" என்று சிரித்தார். அப்போதும் கையைத் தரவில்லை.

வாரந்தோறும் வந்து புண் வராமல் காத்த நர்ஸ் சகோதரிக்கும், பள்ளம் பார்த்துப் பார்த்து ஜீப் ஓட்டிய தம்பிக்கும், சப்பரம் தூக்கிய கூட்டாளிகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. இழுப்புக்கு மாத்திரை விழுங்கும் சொந்தங்களே, பழைய சீட்டை நம்பாதீர்கள்; நீங்களாக நிறுத்தவும் செய்யாதீர்கள். எலும்பைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

கடைசி நாள் காலையில் அண்ணன் தாமாகவே என் கழுத்தைச் சுற்றிக் கை போட்டார்.

"தூக்கு பிள்ள."

தூக்கினேன். வலித்திருக்கும். கையை எடுக்கவில்லை.