மலை இறங்கும் வண்டிக்கு

தேக்வல்லியோங் கணவாயின் வளைவுகள் முடிந்து சாலை கடலைப் பார்த்துச் சமனாகும் இடத்தில் தாக் யோங்சிக் பிரேக் கடை வைத்திருந்தான். மலை இறங்கி வரும் வண்டிகளில் எதில் கருகல் வாசனை அடிக்கிறது, எது இன்னும் தாங்கும் என்பதெல்லாம் வாசலில் நின்றபடியே அவனுக்குத் தெரிந்துவிடும்.

முன்பு அவன் முட்டைக்கோஸ் லாரி ஓட்டியவன். ஒரு கோடையில் பாரத்தோடு இறங்கும்போது பிரேக் சூடேறி, மிதித்த கால் தரைவரை போய்விட்டது. ஓரத்து மணல் மேட்டில் ஏற்றி உயிர் தப்பினான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதற்குப் பிறகு லாரியில் ஏறக் கால் எழவில்லை. அடிவாரத்திலேயே கடை போட்டு உட்கார்ந்துவிட்டான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் தள்ளிப்போட்டான். பிறகு அந்தப் பேச்சே வருவதில்லை.

யோன் ஜோங்ரே முதன்முதலில் வந்தது ஒரு பனிக்காலத்தின் முடிவில். மலைமேல் பனிக்காற்றில் மீன் உலர்த்தும் களத்தில் வேலை. கணவனை இழந்தவள். சின்ன வேனில் உலர்மீன் மூட்டைகளை ஏற்றி காங்நுங் சந்தைக்குக் கொண்டுவருவாள். பிரேக் போட்டால் கரகரவென்று கேட்கிறது என்றாள். சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் பேட் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசியிருந்தது. பேட் கவ்விப் பிடிக்கும் டிஸ்க் தட்டு உழுத வயல் மாதிரி வரிவரியாகக் கிடந்தது.

"பேட் மட்டும் மாத்தினாப் போதாதா, முதலாளி?"

"போதாதுங்க. கோடு விழுந்த டிஸ்க்குல புதுப் பேட் முழுசா உக்காராது. இதுவும் மெலிஞ்சுபோச்சு, சூடேறினா கோணிக்கும். ரெண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாத்தணும்."

சத்தமே போடாத பேட் ஒன்று இருக்கிறதாமே என்று கேட்டாள். அது ஊருக்குள் ஓட்டுகிறவர்களுக்கு என்றான். பாரத்தோடு மலை இறங்குகிற வண்டிக்கு, சூட்டிலும் விடாமல் கவ்வுகிற பேட்தான் வேண்டும். குளிரில் கொஞ்சம் கீச்சிடும், சக்கரமெல்லாம் கரி பூசும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

"போடுங்க. கத்துறவரோட இருபது வருஷம் குடும்பம் நடத்தினவதானே நான்," என்றாள்.

யோங்சிக் சிரித்தான். அவன் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பூச்சைத் துடைத்து, பேட்களை மாட்டி, மிதி கெட்டிப்படும்வரை மிதித்துப் பார்த்தான். பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். வேகமெடுத்து, முழுதும் நிறுத்தாமல் மெல்ல மெல்ல அழுத்தி, ஆறவிட்டு, மறுபடி அழுத்த வேண்டும். வழக்கமாக அவனே ஓட்டிப் பழக்கித் தருவான். அன்று அவள், என் காலுக்கல்லவா தெரிய வேண்டும் என்று ஓட்ட உட்கார்ந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "இப்ப அழுத்துங்க, இப்ப விடுங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். பைன் மரங்களுக்கு அப்பால் கடல் கூடவே வந்தது. சாலை சீக்கிரம் முடிந்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

அதன்பின் சந்தை நாட்களில் அவன் கடைக்குள் இருந்து வேலை செய்ததில்லை. வாசலில் ஏதாவது ஒரு சக்கரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வேன் வரும், அவள் கை அசைப்பாள், போய்விடும். சில நாள் அசைக்க மறந்துவிடுவாள். அன்று அவனுக்குச் சோறு இறங்காது.

எதிரே நூடுல்ஸ் கடை நடத்திய போக்நிம் அக்காவுக்கு இது தெரியாமலா இருக்கும்?

"ஏன்டா, அவ்வளவு நல்ல பேட்டை எதுக்கு மாட்டுறே? சீக்கிரம் தேயுறதா ஒண்ணு மாட்டு. அடிக்கடி வருவால்ல," என்றாள்.

"அவங்க இறங்குறது அந்த மலையில, அக்கா," என்றான். நூடுல்ஸைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். அக்கா அதற்குப் பிறகு அந்தக் கேலியை எடுக்கவில்லை.

நல்ல பேட் என்பதால் அவள் கடைக்குள் அரிதாகவே வந்தாள். வரும்போதெல்லாம் அவன் பேச நினைத்ததை விட்டுவிட்டு டிஸ்க்கின் கனத்தைப் பற்றியே பேசினான்.

ஒரு இலையுதிர்காலத்தில் பேட் பாதி இருக்கும்போதே வந்து எல்லாவற்றையும் மாற்றச் சொன்னாள். கிம்ஜே சமவெளிக்குப் போகிறாளாம். அங்கே அவளுடைய அக்கா படுத்த படுக்கை. நெல் வயலைப் பார்க்கவும் ஆள் இல்லை. அங்கே ஏற்றம் இறக்கமே கிடையாது, இனி சத்தமில்லாத பேட்டே போதும் என்றாள்.

அவன் அதையே மாட்டினான். அன்றைக்கு அந்த வேலை முடிய வெகுநேரம் பிடித்தது. பேட் பழக்கக் கடற்கரைச் சாலையில் போனபோது, அழுத்துங்க, விடுங்க என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளே வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

"போகாதீங்க," என்றான் யோங்சிக்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இத்தனை வருஷமா பிரேக்கைப் பத்தித்தான் பேசினீங்க," என்றாள். "அக்காகிட்ட வரேன்னு வாக்குக் கொடுத்துட்டேன்."

மறுநாள் போய்விட்டாள்.

புத்தாண்டுக்கு முன் அவன் கடையைப் பூட்டிவிட்டு, ஒரு பெட்டி ஊசிக்கணவாய் மீனோடு கிம்ஜேவுக்குப் போனான். இளைத்திருந்தாள். அக்காவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு வந்து அவனுக்குச் சோறு போட்டாள். மறுபடி போடச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டான். கேட்க வேண்டியதை இந்த முறை நேராகவே கேட்டான்.

"அக்கா எழுந்து நடக்கட்டும். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல மாட்டேன். காத்திருங்கன்னும் சொல்ல மாட்டேன், யோங்சிக்," என்றாள். அவள் பெயர் சொல்லி அழைத்தது அதுதான் முதல்முறை.

ஜோங்ரேயின் அக்கா இன்னும் எழவில்லை. யோங்சிக் கடையைத் திறக்கிறான், டிஸ்க் அளக்கிறான். தொலைக்காட்சியில் வானிலை சொல்லும்போது மட்டும் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுகிறான். எதிரே நிற்கும் மலையில் பனி விழுமா என்று அவன் பார்ப்பதில்லை. கிம்ஜே பக்கம் மழை உண்டா, வயலில் தண்ணீர் நிற்குமா என்று பார்க்கிறான்.