மாமா கழற்றப் பார்த்த சுவிட்ச்

இன்று காலை அம்மா தலையில் ஷாம்புவோடு குளியலறைக்குள் நின்றார். வாட்டர் ஹீட்டரைப் போடும்போதெல்லாம் டிரிப் சுவிட்ச் விழுந்து, வீடு முழுக்க கரண்ட் போனது.

அம்மாவின் தம்பி, என் மாமா, ஸ்குரூடிரைவரோடு நாற்காலி மேல் ஏறினார்.

"இந்த சுவிட்ச் ரோசாக் லா, பாப்பா, கெட்டுப்போச்சு. இத கழட்டிட்டு டைரக்டா வயர் குடுத்துட்டா அப்புறம் விழவே விழாது."

கரண்ட் எங்கோ கசிந்தால்தான் அது விழும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருக்கிறேன்.

"வேணாம் மாமா! ஹீட்டர்லதான் கோளாறு. வயர்மேன கூப்பிடுவோம்."

"இந்த பாக்கார் ஆராங் ஊர்ல பாதி வீட்டுக்கு ஃபேன் மாட்டுனவன் நான். எனக்கே பாடமா?"

"கண்ணு எரியுது, சீக்கிரம்டா!" என்று உள்ளிருந்து அம்மா கத்தினார்.

மாமா சுவிட்ச் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டார்.

"சரி மாமா, டைரக்டா குடுங்க. ஆனா முதல்ல நீங்க குளிங்க."

ஸ்குரூடிரைவர் அப்படியே நின்றது. மாமா குளியலறைக் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்கினார். அம்மா வாளித் தண்ணீரில் தலையை அலசினார்.

மதியம் வயர்மேன் வந்து ஹீட்டரைத் திறந்தார். உள்ளே வயரின் தோல் உருகி, செம்பு ஈரத்தில் நனைந்திருந்தது.

"சுவிட்ச் நல்லாதான் இருக்கு. அதுதான் உங்கம்மாவ காப்பாத்துச்சு."

சாயங்காலம் வேலிப் பக்கம் மாமா பக்கத்து வீட்டாரிடம் பேசும் குரல் கேட்டது. "டிரிப் விழுந்தா தொடவே கூடாது லா. வயர்மேனத்தான் கூப்பிடணும். நான் காலையிலயே சொன்னேன்!"

உங்கள் வீட்டு மாமாக்கள் எப்படி?